வெள்ளவத்தைக் கல்லிலிருந்து பூமியின் உட்கரு வரை: கொழும்பில் இருந்தபடியே பூமியைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக மாலையில் நடப்பவர்கள் அந்தக் கற்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ரயில் பாதையை அலை அரித்துவிடாதபடி கரை நெடுகக் கொட்டி அடுக்கிய கருங்கற்கள். அவற்றில் அமர்ந்துதான் பாதிக் கொழும்பு சூரியன் மறைவதைப் பார்க்கிறது. அந்தக் கல் ஒரு காலத்தில் நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது. மனிதர் இதுவரை துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கிய வேலை, 1989இல் 12,262 மீற்றரைத் தொட்டது. 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் துளைகருவி தாக்குப்பிடிக்காததால் அதற்குக் கீழே போக முடியவில்லை. அந்தத் துளை எட்டாத ஆழத்திலிருந்து வந்த கல்லின்மேல் நாம் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறோம்.

வார இறுதிகளில் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பூமியின் உள்ளமைப்பு என்றவுடன் நான்கு நிற வட்டங்களை வரைந்து பெயர் எழுதிவிடுகிறார்கள். "இது எப்படித் தெரியும்? யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள்?" என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தேவையானவை: சமையலறை மின்தராசு, நூல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர், உருப்பெருக்கிக் கண்ணாடி, 10 மீற்றர் அளவுநாடா, வெண்கட்டி, ஒரு வலுவான காந்தம். கல்லுக்காக ரயில் பாதைக் கரையில் கைவைக்க வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் கொங்கிறீற்றுக்குப் போடும் சல்லிக்கல் ஒரு கைப்பிடி தருவார்கள். அதுவும் இதே குலத்துப் பாறைதான்.

முதல் படி: கல்லை வாசியுங்கள்

கல்லைக் கழுவி, ஈரம் காயுமுன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி வரிவரியாக ஓடும். வெள்ளை வரியில் குவாட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் இருக்கின்றன. கறுப்பு வரியில் திருப்பும்போது மினுங்குவது மைக்கா. இத்தகைய வரிப்பாறைக்கு நைஸ் என்று பெயர். எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்தால் இப்படி வரி விழாது. ஏற்கெனவே பாறையாக இருந்த ஒன்று மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும், உருகாமலே, உள்ளிருக்கும் கனிமங்களை மறுபடி அடுக்கிக்கொண்டபோது விழுந்த வரிகள் இவை. அதனால்தான் இதை உருமாறிய பாறை என்கிறோம்.

சில துண்டுகளில் மாதுளை முத்துப்போலச் சிவந்த மணிகள் பதிந்திருக்கும். அது கார்னெட். ஆய்வாளர்களுக்கு இது ஓர் அழுத்தமானி. கார்னெட்டிலும் அதைச் சுற்றியுள்ள கனிமங்களிலும் இரும்பு, மக்னீசியம், கல்சியம் எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று அளந்தால், அந்த மணி எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வெப்பத்தில் வளர்ந்தது என்று கணிக்கலாம். நம் கற்களின் ஆழம் தெரியவந்தது இவ்வகை அளவீடுகளால்தான். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பழம்பாறைதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இதற்கு விலக்கு. அது கடலடியில் படிந்து உருவான, மிக இளைய பாறை.

இரண்டாம் படி: கல்லை நிறுங்கள்

கல்லைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, காட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீரில் முழுதும் அமிழும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். உதாரணமாக, கல் 540 கிராம், இரண்டாவது அளவு 200 என்றால், 540ஐ 200ஆல் வகுக்க அடர்த்தி 2.7. இந்த வகைக் கல்லில் பெரும்பாலும் 2.6க்கும் 3க்கும் இடையில்தான் விடை நிற்கும். பிள்ளைகளைத் தனித்தனியாகச் செய்யவிடுங்கள்.

1798இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கவெண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு இடையிலான மிக நுண்ணிய ஈர்ப்பை அளந்து, பூமி முழுவதன் சராசரி அடர்த்தி ஏறத்தாழ 5.5 என்று கண்டார். நம் கையிலிருக்கும் கல்லைப்போல இரு மடங்கு. மேலே இருப்பது 2.7, சராசரி 5.5 என்றால் உள்ளே இருப்பது மிகக் கனமானதாக இருந்தே ஆகவேண்டும். இரும்புதான் அந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. ஒரு நூலும் தராசும் கொண்டு பூமியின் நடுவில் உலோகம் இருக்கவேண்டும் என்று ஊகிக்கும் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் தாங்களே அங்கே வந்து சேரட்டும்.

மூன்றாம் படி: பூமியதிர்ச்சியைக் கேளுங்கள்

கனம் உண்டு என்று தெரிந்தாயிற்று. அது எங்கே தொடங்குகிறது? அதைச் சொன்னவை பூமியதிர்ச்சி அலைகள். முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. அது ஒலியைப்போல அழுத்தித் தளர்த்திக்கொண்டு பாறை, திரவம் எல்லாவற்றிலும் ஓடும். பின்னால் வருவது இரண்டாம் அலை. அது கயிற்றை உதறினாற்போல குறுக்கே ஆடிச் செல்லும். திரவத்தைக் குறுக்கே இழுத்தால் அது மீண்டு வராது. ஆகவே இரண்டாம் அலைக்குத் திரவத்துக்குள் வழியில்லை. அருகில் நடந்த அதிர்ச்சி என்றால் இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் ஏறக்குறையக் கிலோமீற்றரில் கிடைக்கும். 25 நொடி என்றால் 200 கிலோமீற்றர்.

1909 ஒக்டோபரில் குரோவேஷியாவின் சாக்ரெப் நகருக்கு அருகே நடந்த அதிர்ச்சியை ஆராய்ந்த மொகொரோவிச்சிச் என்ற அறிவியலாளர் ஒரு புதிரைக் கண்டார். தூரத்து நிலையங்களில் முதன்மை அலை இரண்டு தடவை பதிவாகியிருந்தது. இதைக் காலி வீதியை வைத்து விளக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறைக்குப் போவதென்றால் காலி வீதியே விரைவு. மாத்தறைக்கு என்றால், உள்நாட்டுப் பக்கம் திரும்பி கொட்டாவைக்குப் போய்த் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்தவர், சுற்றிப் போனாலும் முந்திவிடுவார். அலைகளும் அப்படியே. பூமியின் வெளித்தோலான மேலோட்டில் முதன்மை அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 6 கிலோமீற்றர்; அடியில் இறங்கினால் 8. தூரம் கூடக்கூட, கீழே இறங்கி ஓடிய அலை முந்துகிறது. எந்தத் தூரத்தில் முந்தத் தொடங்குகிறது என்று பார்த்தால் அந்த வேகப்பாதை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். மேலோட்டின் அடி எல்லை இப்படித்தான் கிடைத்தது. இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

1914இல் ஜெர்மானிய ஆய்வாளர் பேனோ குட்டன்பர்க் சுமார் 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் இன்னோர் எல்லையைக் கணித்தார். அதற்குக் கீழே இரண்டாம் அலை செல்வதில்லை. அங்கே இருப்பது உருகிய இரும்பு. கடைசி எல்லையைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி. 1929இல் நியூசிலாந்தில் நடந்த அதிர்ச்சியின் மெல்லிய அலைகள், வரவே கூடாத இடத்து நிலையங்களில் பதிவாகியிருப்பதை அவர் கவனித்தார். மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட அந்தச் சிறு கீறல்களை அவர் ஒதுக்கவில்லை. திரவத்துக்குள் இன்னொரு உருண்டை இருந்து அலைகளைத் திருப்பிவிட்டால்தான் இப்படி வரும் என்று 1936இல் எழுதினார். கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு. அந்த உட்கருவின் ஆரம் சுமார் 1,220 கிலோமீற்றர். வெப்பம் 5,000 பாகையைத் தாண்டுகிறது. ஆனாலும் அழுத்தம் அதை உருகவிடாமல் திண்மமாக வைத்திருக்கிறது.

இப்படிக் கேட்கும் காதுகளில் ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள அதிர்வுப் பதிவு நிலையம் உலகளாவிய வலையமைப்பின் ஓர் அங்கம்.

நான்காம் படி: காலிமுகத்திடலில் பூமியை அளந்து போடுங்கள்

படங்களில் மேலோட்டைத் தோடம்பழத் தோல் அளவுக்குத் தடிப்பாக வரைந்துவிடுகிறார்கள். உண்மை அளவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. 10 கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டு, காலிமுகத்திடல் நடைபாதையில் 6 மீற்றர் 37 சென்ரிமீற்றருக்கு வெண்கட்டியால் நேர்க்கோடு போடுங்கள். ஒரு முனை தரை, மறு முனை பூமியின் மையம். தரை முனையிலிருந்து 3.5 சென்ரிமீற்றரில் முதல் குறி: கண்ட மேலோடு முடிந்துவிட்டது. பெருங்கடலின் அடியிலோ அது 7 மில்லிமீற்றர்தான். 2 மீற்றர் 89இல் அடுத்த குறி: மேலோட்டுக்கும் கருவுக்கும் இடைப்பட்ட பாறைப் பகுதியான மூடகம் முடிகிறது. 5 மீற்றர் 15இல் இன்னொன்று: திரவ வெளிக்கரு முடிகிறது. மீதி 1 மீற்றர் 22 உட்கரு. பெயர்கள் பாடநூலுக்குப் பாடநூல் மாறும், எல்லைகள் மாறா.

இப்போது கோலாத் துளையைக் குறியுங்கள்: ஒரு சென்ரிமீற்றரும் கொஞ்சமும். 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலை கால் சென்ரிமீற்றர். ஒரு மாலை நேரம், இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டின் நெடுகிலும் நடந்த சிறுமி ஒருத்தி, திரும்பிவந்து அந்த மூன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் குனிந்து, "நாங்கள் எல்லோரும் இதுக்குள்ளேயா?" என்று கேட்டாள்.

அதே இடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள். திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைக் காட்டும் செயலி இருந்தால், கடற்கரையில் நின்றுகொண்டே கடல்மட்டத்துக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேல் என்று காட்டும். கருவி பழுதில்லை. பூமியை மழமழப்பான, துருவங்களில் சற்றே தட்டையான கோளமாக எண்ணிக் கணக்கிட்டால், உலகிலேயே மிகத் தாழ்ந்த கடற்பரப்பு இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. தண்ணீர் விலகிப் பள்ளமாக நிற்கிறது. மூடகத்தில் அடர்த்தி குறைந்த சூடான பொருள் இருப்பதே காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் கணித்துக் காட்டினார்கள்.

ஐந்தாம் படி: ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்

மேலோட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்புக் கடல் ததும்புகிறது, அதில் கண்டங்கள் மிதக்கின்றன என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தவறு. மூடகம் திண்மப் பாறை. இரண்டாம் அலை அதன் வழியே தடையின்றி ஓடுவதே சான்று. ஆனால் திண்மப் பொருளும் நகரும். ஏப்ரல் வெக்கையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த மெழுகுதிரியைப் பாருங்கள். உருகியிருக்காது, தட்டினால் சத்தம் கேட்கும், ஆனாலும் சில வாரங்களில் தலை கவிழ்ந்து வளைந்திருக்கும். மூடகமும் அப்படித்தான், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில், கீழே சூடேறிய பகுதி மேலெழவும் மேலே ஆறிய பகுதி அமிழவுமாக ஓயாமல் சுழல்கிறது. எரிமலைக் குழம்பு தோன்றுவது சில இடங்களில் மட்டும், மூடகத்தின் சிறு பங்கு உருகும்போதுதான்.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. ஆழம் போகப்போக கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் சூடேறி மீண்டும் மேலே வருகிறது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: நாம் நிற்கும் தகட்டைத் தேடுங்கள்

மேலோடும் அதனோடு ஒட்டிய மூடகத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்து தகடுகளாக உடைந்திருக்கின்றன. உலக வரைபடத்தை விரித்து, இலங்கையை இந்தியத் தகட்டின்மேல் கண்டுபிடியுங்கள். பிறகு மடகஸ்கார், அண்டார்ட்டிக்கா, தென்னிந்தியா, இலங்கை நான்கையும் கடதாசியில் வெட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். நம் கற்கள் உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலங்கள் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது. அந்த மோதலில் எழுந்த மலைத்தொடரின் அடிவேரில்தான் வெள்ளவத்தைக் கல் வெந்தது.

பின்னர் கொண்டுவானா பிளந்தது. நம் தகடு வடக்கே விரைந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முட்டி, இமயத்தை எழுப்பியது. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறை கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்.

இலங்கை தகட்டின் விளிம்பில் இல்லை. ஆனாலும் விளிம்பில் நடப்பது நம்மைத் தேடி வரும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டிவிட்டது. சுமாத்திராவுக்கு அப்பால் நம் பக்கத்துத் தகடு மறு தகட்டின் கீழ் அமிழும் விளிம்பு 1,200 கிலோமீற்றருக்கும் அதிக நீளத்துக்கு ஒரேயடியாக வழுக்கியது. கடலடி மேலே தூக்கப்பட்டது. அதிர்வலை பல்லேகலைக்கு வந்துசேர 4 நிமிடம்கூட ஆகவில்லை. கடலலை நம் கிழக்குக் கரையை எட்ட இரண்டு மணி நேரம் அளவில் ஆயிற்று. அந்த இடைவெளியில் கரையிலிருந்தவர்களுக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் எந்த எச்சரிக்கை அமைப்பும் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் தடுமாறும். இன்று எச்சரிக்கை அமைப்பு உண்டு. 2012 ஏப்ரல் 11இல் அதே கடலில் 8.6 அளவில் அதிர்ச்சி நிகழ்ந்தபோது கரையோர மக்களை உடனே அப்புறப்படுத்தினார்கள். அன்று பேரலை எழவில்லை. பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின, கடலடி பெரிதாக உயரவில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டால் பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தப் படியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: கல் எப்படி மேலே வந்தது?

கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் கப்பலைப் பாருங்கள். பாரம் இறங்க இறங்க, நீருக்குள் இருந்த சிவப்பு அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும். மலையும் அப்படித்தான். உயர்ந்த மலைக்கு மூடகத்துக்குள் அமிழ்ந்த ஆழமான வேர் உண்டு. மழையும் ஆறும் மேலிருந்து அரித்துக்கொண்டு போக, பாரம் குறைந்து வேர் மேலெழும். எழுந்ததை மழை மீண்டும் அரிக்கும். 20 கிலோமீற்றரை 55 கோடி ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்குச் சராசரியாக 0.036 மில்லிமீற்றர், தலைமயிரின் பாதிப் பருமன்.

அந்த அரிப்பு எப்படித் தொடங்குகிறது என்பதை அத்திவாரக் குழியில் பார்க்கலாம். கிருலப்பனைப் பக்கம் மாடிக்கட்டடம் ஒன்றுக்குத் தோண்டிய குழியின் சுவரை ஒருமுறை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே துளைத்துளையான செம்மை. கீழே விரலால் கிள்ளினால் உதிரும் களி. ஆனால் அந்தக் களிக்குள் வெளிறியதும் கருஞ்சிவந்ததுமாக நைஸ் பாறையின் வரிகள் அப்படியே ஓடின. பாறை மண்ணாகிவிட்டது, வரி மட்டும் இடம் மாறவில்லை. மழைநீர் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கல்சியத்தையும் சிலிக்காவில் ஒரு பங்கையும் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பும் அலுமினியமும் மிஞ்சித் துருச்சிவப்பாகின்றன. வானிலையாலழிதல் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். மேலடுக்குச் செம்மைதான் சிங்களத்தில் கபொக் எனப்படும் செம்புரைக்கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். கொழும்பின் பழைய மதில்கள் பலவற்றின் காரை உதிர்ந்த இடத்தில் எட்டிப் பார்ப்பது இதுவே.

எட்டாம் படி: மலைச்சரிவில் இதே பாடம்

அந்தக் களி கொழும்பின் சமதரையில் இருக்கும்வரை ஆபத்தில்லை. மலையகத்தின் சரிவில் அதுவே பாரமாகத் தொங்குகிறது. தொடர்மழையில் மண்துகள்களின் இடைவெளியில் நீர் நிறைந்து, அழுத்தம் ஏறி, துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது இப்படித்தான். 2016 மே மாதம் அரநாயக்கவில் மீண்டும் நடந்தது. மலையகத்தில் உறவுகள் இருப்பவர்கள் இந்த அறிகுறிகளை அவர்களோடு பேசுங்கள்: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு ஜன்னல் திடீரென இறுகுதல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்றுக் கலங்குதல் அல்லது நின்றுபோதல். மழை நாளில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களுக்காகக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளைச் செய்தியில் கேட்டால், அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: முகத்துவாரத்து மணல்

சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறக்கும் களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அங்கே ஒரு பிடி மணலை எடுத்து வெள்ளைக் கடதாசியில் பரப்பி, உருப்பெருக்கியால் பாருங்கள். கண்ணாடித் துகள்போல் இருப்பது குவாட்ஸ். எல்லாம் கரைந்தும் அது கரையவில்லை. இளஞ்சிவப்புத் துகள் கிடைத்தால் அது கார்னெட், முதல் படியில் பார்த்த அதே மணி. கடதாசியின் அடியில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். கரும்துகள்கள் எழுந்து நின்று காந்தத்தின் பின்னால் வரும். இவை இரும்புக் கனிமங்கள். புல்மோட்டைக் கரையைக் கறுப்பாக்கியிருக்கும் இல்மனைட் இவற்றின் உறவு.

மணலை ஒரு சிறு போத்தலில் இட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில், நிறுத்துப் பார்த்த கல்லை அதன் அடர்த்தி எண்ணோடு வையுங்கள். மிஞ்சிய மணலை ஆற்றோடு விட்டுவிடுங்கள். அது கடலடியில் படிந்து, மேலே மேலே குவியும் மணலின் பாரத்தில் இறுகத் தொடங்கும்.